அட்டை புதுப்பிக்கப் போன வகுப்பில் கண்ட வீடு

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம், வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்று. இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் பலெர்மோவில் மூன்று நாளாக ஆபிரிக்கப் பக்கத்துச் சூட்டுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று வீசும் நாட்களில் ஊரே அரை நித்திரையில்தான் நடக்கும். வானம் மங்கிய மஞ்சளாக இருக்கும். கார்களின் மேல் சிவப்புத் தூசு படியும். மத்தியானம் மூடிய கடைக்கதவை நான்கு மணி தாண்டியும் திறக்க யாருக்கும் மனம் வராது. அப்படிப்பட்ட ஒரு பின்னேரம், பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், ஐம்பத்திரண்டு வயதில், நான் வாங்கில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எண்பதுகளில் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு தோள்பை மட்டும்தான். பணக்கார வீட்டு நாயைக் குளிப்பாட்டினேன். மாடிப்படி துடைத்தேன். பதினொரு கட்டடங்களின் படிகளை நான் துடைத்திருக்கிறேன். எந்த வீடு காலியாகப் போகிறது, எந்த வீட்டுக்காரர் சொல் மாறாதவர், எந்தத் தெருவில் என்றைக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு வாடகை வீடு வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். இதைக் கேள்விப்பட்டு, வீட்டுத் தரகு அலுவலகம் வைத்திருந்த இத்தாலியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு வேலை தந்தார். படித்த பெடியன்கள் அங்கே நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் அளவுநாடாவை விரித்து முடிப்பதற்குள் நான் சுவரைத் தட்டிப் பார்த்து எங்கே ஈரம் ஊறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன். யாரும் வந்து சோதித்துப் பார்க்கலாம்.

முதலாளி சேர்ந்திருந்த தரகர் சங்கத்தில் எனக்கும் ஓர் அட்டை எடுத்துத் தந்திருந்தார். படம் ஒட்டி முத்திரை குத்திய அட்டை. அதைக் காட்டினால் கட்டடக் காவலாளி எழுந்து கதவைத் திறப்பான். அந்த ஆண்டு சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஆறு பின்னேரம் வகுப்புக்கு வரவேண்டும், ஒன்றைத் தவறவிட்டாலும் அட்டை கிடையாது, கடைசி நாள் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள் என்று அலுவலகத்துப் பெடியன் ஒருவன் சத்தமாக வாசித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு யார் வீடு காட்டச் சொல்லித் தருவது? ஆனாலும் அட்டை வேண்டுமே. போனேன். போய், பெரும்பாலும் நித்திரை கொண்டேன். விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவன், மூன்று மணிக்கு இருட்டு அறையில் இருத்தினால் வேறு என்ன செய்வான்?

இதற்கிடையில் என் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. லிபெர்த்தாப் பக்கம், பணக்காரத் தெரு ஒன்றில், ஐந்தாம் மாடி வீடு. மூன்று படுக்கையறை. பின்பக்க மாடத்தில் நின்றால் பெல்லெகிரீனோ மலை தெரியும். தனியாக வசித்த வயதான இத்தாலியப் பெண்மணி, ஒரு சிஞ்ஞோரா, அதை விற்க முன்வந்திருந்தார். விலை, அந்தத் தெருவில் யாரும் நம்பாத விலை. முதலாளி அந்த வீட்டுத் தாள்களை என்னிடம் தந்து, "இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, வா சொல்கிறேன்" என்று தொடங்கினார். நான் அவரைப் பேச விடவில்லை. "அந்தக் கட்டடத்துப் படியை ஐந்து வருடம் துடைத்தவன் நான். எனக்குத் தெரியாத வீடா?" என்று சொல்லித் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இத்தாலியன் பேச என்னை வெல்ல ஆளில்லை. வாசிப்பதுதான் எனக்குக் கஷ்டம். அது முதலாளிக்குத் தெரியாது. தெரிய நான் விட்டதில்லை.

விலை ஏன் குறைவு என்பதற்குக் காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். லிப்ட் பழுது. ஐந்து மாடி ஏறவேண்டும். சிஞ்ஞோராவின் மகன் மிலானோவில் இருந்தான். வீட்டில் இரண்டு பெரிய பெட்டிகளைக் கண்டேன். சரி, மகனிடம் போகிறார் என்று முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வீட்டுக்கு நான் கூட்டிப்போனது மன்னார்க் குடும்பம் ஒன்றை. கணவன் மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினான். மனைவி மூன்று வீடுகளில் வயதானவர்களைப் பார்த்தாள். நான்கு குடும்பங்கள் இருந்த ஒரு வீட்டில் ஒற்றை அறை அவர்களுக்கு. இரண்டு பெண்பிள்ளைகள் ஊரில், பெரியம்மாவுடன். பிள்ளைகளைக் கூப்பிடுவதென்றால் இருக்க இடம் காட்ட வேண்டும். எட்டு வருடம் சேர்த்ததை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எங்கள் ஆட்களில் அந்தத் தெருவில் வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். வீட்டுக்காரராகப் போனவர் ஒருவரும் இல்லை. நான் ஒருவரைப் போக வைக்கப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்து. சிஞ்ஞோரா படி இறங்க மாட்டார் என்பதால் அவருடைய வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. இருந்த அறையை மாத முடிவில் விடுவதாகவும் அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முதல் நாள்தான் நான் சொன்ன வியாழக்கிழமை. ஐந்தாவது வகுப்பு.

பாடம் எடுத்தவர் ஒரு பெண் வழக்கறிஞர். தலை நரைத்தவர், குரல் மிக மெதுவானது. யன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு, ஒரு புரொஜெக்டரில் கண்ணாடித் தாளை வைத்தார். எதிர்ச் சுவரில் ஒரு வீட்டின் வரைபடம் விழுந்தது. சுவர் அளவுக்குப் பெரிய வீடு. கறுப்புக் கோடுகள் சுவர்கள். கோடு விட்ட இடங்கள் கதவுகள். பலகை இடுக்கால் வந்த மஞ்சள் வெளிச்சத்தில் தூசு மிதந்தது. அந்தத் தூசு வீட்டுக்குள் மெல்லப் போய் வருவதுபோல இருந்தது. எனக்குக் கண் சொக்கியது.

அதன் பிறகு நான் வகுப்பில் இல்லை. அந்தப் படத்துக்குள் நடந்துகொண்டிருந்தேன். கோடு விட்ட இடத்தால் உள்ளே போனேன். நடை நீளமாக, குளிராக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் வெள்ளைக் கடதாசி, சத்தமே இல்லை. முதல் அறையில் இரண்டு சின்னக் கட்டில்களை வைத்தேன். பிள்ளைகள் இருவரும் அவற்றில் ஏறித் துள்ளினார்கள். நான் கண்டிராத பிள்ளைகள், ஆனாலும் அவர்களின் சிரிப்பு எனக்குப் பழக்கமாக இருந்தது. குசினியில் அந்த மன்னார்ப் பெண் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்தது, தண்ணீர் நாள் இல்லாத நாளிலும் வந்தது. மாடத்துக்கு வெளியே மலை, கடலில் கட்டிவிட்ட படகுபோல மெல்ல அசைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி அறைக் கதவைத் தள்ளினேன். அங்கே சாய்மனைக் கதிரையில் சிஞ்ஞோரா இருந்தார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எழும்புங்கள், நேரமாகிவிட்டது" என்றேன். அவர் எழும்பவில்லை. கோபமும் இல்லை, பயமும் இல்லை. தன் வீட்டில் தான் இருப்பவர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். எங்கிருந்தோ ஒரு மெதுவான குரல் கேட்டது. "விற்றவர் வீட்டை விட்டுப் போவதில்லை. தன் கடைசி நாள் வரைக்கும் அங்கேதான் வசிப்பார். வாங்கியவருக்கு வீடு சொந்தம், ஆனால் குடிபோக முடியாது. அதனால்தான் விலை பாதி."

விழித்துக்கொண்டேன். அது ஆசிரியையின் குரல். சுவரில் அதே படம். வயதானவர்கள் செலவுக்குப் பணம் வேண்டி இப்படி விற்பதுண்டு என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் காலகாலமாக நடக்கிற வழக்கம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

என் கை தானாகவே சட்டைப்பைக்குப் போனது. அந்தத் தாள் அங்கேயே இருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல். இடைவேளையில் எல்லோரும் கோப்பி குடிக்கப் போனபிறகு அதை ஆசிரியையின் மேசையில் வைத்தேன். "எனக்கு வாசிக்க வராது" என்றேன். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாத விஷயத்தை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, எனக்கு விளங்கும் வேகத்தில் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இருக்கிறது. அந்த அம்மா உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடைய பாவனைக்கு. வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"கையெழுத்து எப்போது?"

"நாளைக்குக் காலை."

மன்னார்க் குடும்பத்துக் கணவன் ஆறு மணிக்கு வேலைக்குள் போனால் வெளியே வரச் சாமம் ஆகும். போவதென்றால் அப்போதே போகவேண்டும். ஆசிரியையிடம் சொன்னேன். "போகத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் இல்லாத நேரத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அட்டை கிடைக்காது. ஐப்பசியில் அடுத்த வகுப்பு வரும்" என்றார். நேர்மையான மனுஷி. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மொண்டெல்லோ பஸ் பெரிய பூங்காவுக்குள்ளால் போகும். இரண்டு பக்கமும் மரங்கள். அன்றைய மஞ்சள் வெளிச்சத்தில் அவை தண்ணீருக்கடியில் நிற்பவைபோலத் தெரிந்தன. அந்த அரைமணி நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். சிஞ்ஞோராவுக்கு எழுபத்தெட்டு வயது. இருமல் இருக்கிறது. ஐந்து மாடி, லிப்ட் இல்லை. எவ்வளவு காலம்தான்? பொறுத்திருந்தால் நல்ல லாபம்தானே, இதை அவர்களுக்கு நல்ல செய்தியாகவே சொல்லலாமே என்றும் நினைத்தேன். கையெழுத்து நின்றால் ஊரில் என் முகம் என்ன ஆகும் என்று அதைவிடக் கூடுதலாக நினைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு. அதனால் மனைவியும் அங்கே இருந்தாள். சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், கடலைப் பார்த்த சிமெந்துக் கட்டின்மேல் இரண்டுபேரும் இருந்து ஒரு பாணைப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் அசையவே இல்லை.

"என்னண்ணை, வகுப்பு நேரமெல்லோ? வாத்தியார் கலைச்சுப்போட்டாரோ?" என்று கணவன் சிரித்தான்.

"அண்ணைக்குப் படிப்பிக்க அவையளுக்குத் தெரியாமல் போயிருக்கும்" என்றாள் அவள்.

நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாளை வாசிக்காமல் விட்டதையும், வாசிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கணவன் பாணைக் கீழே வைத்தான்.

"அப்ப வீடு எங்கடை. ஆனா உள்ளுக்குப் போகேலாது?"

"ஓம்."

"எப்ப மட்டும்?"

"அந்த அம்மா இருக்கு மட்டும்."

"எல்லாம் தெரியும் எண்டியளே அண்ணை! ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியளே!"

"தெரியாது தம்பி. எனக்குத் தெரியாமல்தான் போச்சு."

அவன் கடலின் பக்கம் திரும்பினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மனிசிக்கு என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"லிப்டும் வேலை செய்யாது எண்டியள், என்ன…"

பஸ்ஸில் நான் நினைத்தது அப்படியே அவன் வாயால் வந்தது. கேட்க எனக்குக் கூசியது. அவனுக்கும் கூசியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டான். மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, காணும். நான் மூண்டு வீட்டிலை வயசுபோன ஆக்களைத் தூக்கி இருத்திறன், குளிப்பாட்டுறன். ஞாயிற்றுக்கிழமை பூசையிலை அவையின்ரை பேரைச் சொல்லித்தான் மன்றாடுறன், கனகாலம் இருக்கவேணும் எண்டு. நாளைக்குக் கையெழுத்து வைச்சிட்டு இந்த அம்மாவுக்கு நான் என்னெண்டு மன்றாடுறது? அவ இருமினா எனக்கு என்ன நினைப்பு வரும், சொல்லுங்கோ?"

கடலின் மேல் வெளிச்சம் மஞ்சளிலிருந்து ரோசாவாக மாறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு படகு போவதா வருவதா என்று தெரியாமல் நின்றது.

"பிள்ளையளுக்கு என்ன எழுதிறது?" என்றான் கணவன் கடைசியாக. "வீடு வாங்கினாங்கள், ஒராள் சாகட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறம் எண்டோ?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பில் கண்ணீரும் வந்தது. "அண்ணை, நாங்கள் நாளைக்கு வரேல்லை. ஆனா மாத முடிவுக்குள்ளை எங்களுக்கு ஒரு கூரை பாத்துத் தாறது உங்கடை பொறுப்பு. விடமாட்டன்."

"பாத்துத் தாறன்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாடகை வீடு என் தொழில்.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் சத்தம்போட்டது வீதி முழுக்கக் கேட்டிருக்கும். மறுநாள் ஒன்பது மணிக்கு நான் தனியாக ஐந்து மாடி ஏறினேன். அந்தப் படிகளைத் துடைத்த காலத்தில்கூட எனக்கு அப்படி மூச்சு வாங்கவில்லை. காற்று நின்றுவிட்டிருந்தது. சிஞ்ஞோரா கதவைத் திறந்து வைத்திருந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பொன்கரை வைத்த ஐந்து கோப்பைகள் அடுக்கியிருந்தார். நல்ல உடுப்புப் போட்டிருந்தார்.

"அவர்கள் வரவில்லையா? விலை கூடிவிட்டதா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு எப்போதும் வரும். அன்றைக்கு வரவில்லை. உங்கள் சாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்பதை, எனக்குத் தெரிந்த இத்தாலியனில், தலையைக் குனிந்தபடி சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து இருமினார்.

"இந்த வருடம் எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோரும் சுவரைப் பார்ப்பதுபோல என்னையும் பார்த்தார்கள். எங்கே வெடித்திருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்று. ஒருவர் என் மருந்துப் போத்தலைத் திருப்பி வாசித்தார். அந்தப் பெண் மட்டும்தான் வந்ததும் வராததுமாக, மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்."

எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்விதான் அது. நாங்கள் அதை ஒரு கேள்வியாகக்கூட நினைப்பதில்லை. அவர் அதை மூன்று வாரமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு விற்றுத்தான் ஆகவேண்டும். வேறு ஆளைக் கூட்டிவாருங்கள், இந்தமுறை விஷயத்தைச் சொல்லி. ஆனால் அவளைக் கோப்பிக்கு வரச்சொல்லுங்கள். வேலைக்கு இல்லை, கோப்பிக்கு" என்றார். தனக்கும் எனக்கும் ஒவ்வொரு கோப்பை ஊற்றினார். மாடத்துக் கதவால் காலை வெளிச்சம் மற்ற மூன்று வெறுங்கோப்பைகளிலும் நிறைந்து நின்றது. இரண்டுபேரும் மெதுவாகக் குடித்து முடித்தோம்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு அட்டை இல்லை. காவலாளிகள் எழும்பவில்லை. ஐப்பசியில் திரும்பப் போய், விட்ட வகுப்பைப் படித்து முடித்தேன். விழித்திருந்து படித்தேன். அந்த ஆசிரியையிடமே கேட்டு, ஒரு வீட்டுத் தாளில் எந்த இடத்தில் எதைத் தேடவேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆனால் என்னைத் தாண்டி ஒரு வரி போகாது. ஐந்தாம் மாடி வீட்டை வடக்கிலிருந்து வந்த ஒரு வைத்தியர், எல்லாம் தெரிந்துகொண்டே வாங்கினார். மன்னார்க் குடும்பத்துக்கு மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்க, மூன்று அறையுள்ள வாடகை வீடு ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் பிள்ளைகள் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பெண் வியாழக்கிழமைகளில் சிஞ்ஞோரா வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போகத் தொடங்கினாள். அடுத்த மாரியில் சிஞ்ஞோராவுக்கு நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெல்லெகிரீனோ மலையிலுள்ள கத்தோலிக்கப் புனிதையின் குகைக்கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனாள். சைவ சமயக்காரனான நானும் கூடப் போனேன். எங்கள் ஆட்கள் அந்த மலைக்கு ஏறச் சமயம் பார்ப்பதில்லை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நூறு திரிகளின் வெளிச்சம் ஈரச் சுவரில் ஆடியது. அவள் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். பக்கத்தில் நின்ற நானும் கண்ணை மூடி, அந்த அம்மா சுகமாகி வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, உள்ளே வேறு ஏதாவது நினைப்பு ஒளிந்திருக்கிறதா என்று என் மனதைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சிஞ்ஞோரா எழும்பி வீட்டுக்கு வந்தார், அதன்பின்னும் பல வருடம் இருந்தார்.

இந்த ஊரில் நான் எத்தனையோ பேருக்கு வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்திருக்கிறேன், அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனாலும் ஒரு வயதான பெண் நீண்டநாள் இருக்கவேண்டும் என்று மனதில் ஒரு கறையும் இல்லாமல் கேட்க முடிந்த அந்த நிமிடத்துக்கு ஈடாக நான் சம்பாதித்தது வேறு ஒன்றுமில்லை.